மேற்படிப்புக்குக் குடும்பத்தோடு வெளிநாடு செல்வோர் ஊரிலேயே சரிசெய்ய வேண்டியவை

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வெளிநாட்டு மேற்படிப்புக்கு இடம் பெறுவோரில், சில ஆண்டுகள் வேலை பார்த்து, மணமாகி, குழந்தையும் பிறந்த பின் செல்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை படிப்பைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். வீட்டாருடைய விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் தூதரகத்தில் முளைப்பவை அல்ல. வீட்டுப் பீரோவில் உறங்கும் காகிதங்களிலும், அவசரத்தில் தேர்ந்த படிப்பிலும் முன்பே இருந்தவை. ஆகவே, படிக்கப்போவது ஒருவரானாலும் கோப்பு குடும்பம் முழுவதற்குமானது என்று முதல் நாளிலிருந்தே எண்ணி நடக்க வேண்டும்.

நாட்டையும் படிப்பின் வகையையும் முடிவு செய்யும்போதே குடும்பத்துக்கு என்ன உரிமை உண்டு என்று பாருங்கள். பிரிட்டனில் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், வகுப்புவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துச்செல்ல முடியாது. முனைவர் பட்டத்திலோ ஆராய்ச்சிவழி முதுகலையிலோ சேர்வோருக்கும், அரசு உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குச் செல்வோருக்கும் மட்டுமே அது இயலும். கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலை, முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவரின் துணைவருக்கே திறந்த வேலை அனுமதி (குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தோடு கட்டுப்படாத அனுமதி) கிடைக்கிறது. பன்னிரண்டு மாத முதுகலை விரைவில் முடியும், செலவும் குறையும் என்று தேர்ந்தெடுப்பவர் இந்த ஒரு வரியைப் படிக்காமல் பணம் கட்டிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோர், குடும்பத்தினர் உடனே வராவிட்டாலும் தம் முதல் விண்ணப்பத்திலேயே அவர்களைக் குறிப்பிட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் பின்னர் அழைப்பது கடினம்.

அமெரிக்காவில் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிப்பவரின் துணைவருக்கும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் எஃப்-2 என்னும் குடும்ப விசா உண்டு. ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவமும், இணையவழி விசா விண்ணப்பமான டி.எஸ்-160-உம் தனித்தனியே தேவை. வெளிநாட்டு மாணவர் பதிவு முறையான செவிஸுக்குரிய 350 டாலர் கட்டணத்தை மாணவர் மட்டும் கட்டினால் போதும். எஃப்-2 துணைவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது, பகுதிநேரமாகப் படிக்கலாம். ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசா வழியாகச் செல்பவரின் துணைவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும் என்றாலும், அரசு நிதியில் போகும் ஜே-1 காரர் படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனை குடும்பத்தையும் கட்டும். இதை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியையாக இருந்தவர் ஐந்தாண்டு முனைவர் படிப்பு முடியும்வரை சம்பாதிக்க முடியாமல் வீட்டோடு இருக்க நேர்ந்தால், அந்த இழப்பு அவருடையது மட்டுமன்று; அதை அறிந்து ஒப்புக்கொண்டு போவதும், போன பிறகு அறிவதும் ஒன்றல்ல.

இனி பெயர். நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு மிகுந்த தொல்லை தருவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டோ சர்நேம் என்றும் கிவன் நேம் என்றும் இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. சர்நேம் கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் சர்நேம் ஆகி, கிவன் நேம் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்து ஏறிவிடும். பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என எல்லாவற்றிலும் அது தொடரும். தந்தை பெயரைச் சர்நேமாக விரித்தெழுதிப் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்வதாக இருந்தால், பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். ஐ-20 முதலிய எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வர வேண்டும். நெல்லையிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் உண்டு. அது மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது.

இவ்வாறு விரித்தால் கணவரின் சர்நேம் அவருடைய தந்தை பெயர், மனைவியின் சர்நேம் அவருடைய தந்தை பெயர், குழந்தையின் சர்நேம் கணவர் பெயர் என்று மூவருக்கும் மூன்றாக அமையும். இது தவறன்று. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குத் தமிழ்ப் பெயர்முறை புதிதுமன்று. மூவரும் ஒரே குடும்பம் என்பதைத் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் சொன்னால் போதும். விசாவுக்காக மட்டும் மனைவியின் பெயரை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. அவருடைய பட்டச் சான்றுகள் பழைய பெயரில் நிற்க, புதிய முரண்பாடு ஒன்று உண்டாகும்.

அதைவிட ஆபத்தானது ஆங்கில எழுத்துக்கூட்டல். இசக்கியம்மாள் என்ற பெயர் ஒரு சான்றில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்திலும் இன்னொன்றில் ‘ஈ’ என்ற எழுத்திலும் தொடங்கும். பேச்சிமுத்துவுக்கு நடுவில் ஒரு ‘டி’ இருக்கும், இல்லாமலும் போகும். ஒரு நாள் மாலை எல்லோருடைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, திருமணச் சான்று ஆகியவற்றை மேசையில் பரப்பி, ஒருவர் எழுத்து எழுத்தாக வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள தந்தை, தாய், துணைவர் பெயர்களையும் விடாதீர்கள். குழந்தையின் சான்றில் தாயின் பெயர் தாயின் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால், பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் உடனே திருத்தம் கேளுங்கள்.

மாவட்டப் பிரிவினையும் ஒரு குழப்பம் தரும். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் நெல்லையிலிருந்து பிரிந்தன. சங்கரன்கோவிலில் பிறந்தவரின் பழைய சான்றில் திருநெல்வேலி மாவட்டம் என்றும், இன்றைய முகவரியில் தென்காசி மாவட்டம் என்றும் இருப்பது இயல்பே. பிறந்த இடத்தை எல்லாப் படிவங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கேட்டால் பிரிவினையை ஒரு வரியில் சொன்னால் முடிந்தது.

திருச்செந்தூரிலோ ஊர்க் கோயிலிலோ நடந்த திருமணத்துக்குக் கோயில் ரசீதும் அழைப்பிதழும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகச் சான்றே விசாவுக்குச் செல்லுபடியாகும். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரைச் சேர்க்க அந்தச் சான்று கட்டாயமில்லை என்பதால், அது விசாவுக்கும் வேண்டாம் என்று சிலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே மருத்துவமனையில் பதிவாகியிருந்தால் அப்படித்தான் இருக்கும். பதிவான 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான ஒரே ஆதாரம் இந்தச் சான்றுதான். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்தாண்டே செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; முனைவர் படிப்பின் நடுவிலேயே அது காலாவதியாகலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, முதலில் கல்விக்கடன் எதற்கெல்லாம் தரப்படுகிறது என்பதை வங்கியின் கடிதத்தில் படியுங்கள். பொதுவாக அது மாணவரின் செலவுக்கே. துணைவர், பிள்ளைகளுக்கான தொகையை ஐ-20 தனியே காட்டும். அதற்கு வேறு ஆதாரம் வேண்டும். பிரிட்டனுக்குச் சேமிப்பைக் காட்டுவோர், தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருந்ததைக் காட்ட வேண்டும். அது தம் கணக்காகவோ துணைவர் கணக்காகவோ பெற்றோர் கணக்காகவோ இருக்கலாம், தாய்மாமனின் கணக்கு உதவாது. வயலை விற்ற பணமோ நகைக்கடனோ திடீரென்று கணக்கில் ஏறினால், கிரயப் பத்திரத்தையும் அடகு ரசீதையும் கையோடு வைத்திருங்கள்.

அமெரிக்க விசாவுக்குச் சென்னையில் கைரேகைப் பதிவும் நேர்காணலும் தனித்தனியே நடக்கும். நெல்லை எக்ஸ்பிரஸிலோ பொதிகையிலோ இறங்கிய அன்று காலையே நேரம் வாங்காமல், குழந்தைகளோடு செல்வோர் முதல் நாளே போய்ச் சேர்வது நல்லது. டி.எஸ்-160-ல் கடந்த ஐந்தாண்டின் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசாக்காரர்கள் அவற்றைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்குமாறும் சொல்லப்படுகிறது. குடும்பமே கிளம்பும்போது, திரும்பி வரும் எண்ணம் உண்டா என்ற ஐயம் அதிகாரிக்கு வலுக்கும். படித்துவிட்டு இங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை மாணவரும் துணைவரும் உண்மையாகவும் ஒரே போலவும் சொல்ல முடிய வேண்டும். போலி வங்கிச் சான்றோ பொய்யான அனுபவச் சான்றோ வாங்கித் தருகிறேன் என்னும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் அது வாழ்நாள் தடைக்குக் காரணமாகலாம்.

அமெரிக்க விசா மாணவருக்குக் கிடைத்துக் குடும்பத்துக்கு மறுக்கப்பட்டால், அல்லது திரும்பி வருவீர்கள் என்று அதிகாரி நம்பாதபோது காட்டப்படும் 214(பி) பிரிவில் எல்லோருக்கும் மறுக்கப்பட்டால், அதற்கு மேல்முறையீடு கிடையாது. புதிய படிவமும் புதிய கட்டணமும் செலுத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். மாணவர் முதலில் சென்று வகுப்பில் சேர்ந்து, வாடகை வீடு எடுத்து, சேர்க்கைச் சான்றையும் புதுப்பித்த ஐ-20 படிவங்களையும் அனுப்பிய பிறகு குடும்பத்தினர் விண்ணப்பிப்பது பல வேளைகளில் நிதானமான வழி. எந்த நாட்டுக்கானாலும், அடுத்த விண்ணப்பத்தில் முந்தைய மறுப்பைப் பற்றிக் கேட்டால் தேதியோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.