ரூட்டரில் தடுத்தும் கைப்பேசியில் திறந்த தளங்கள்

திருமங்கலத்தில் அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்காக, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 என்ற டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை வைஃபை ரூட்டரில் பதிந்து கொடுத்தேன். பழைய கணினியில் அத்தளங்கள் தடைபட்டன. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலோ தாராளமாகத் திறந்தன. ரூட்டரை அணைத்துப் போட்டதும், ரூட்டர் தரும் டிஎன்எஸ்ஸுக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்த உதவும் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வசதியைக் கைப்பேசியில் நிறுத்தியதும் பலன் தரவில்லை.

கைப்பேசியின் வைஃபை விவரங்களைப் பொறுமையாகப் பார்த்தபோதுதான், 1.1.1.3-உடன் முக்காற்புள்ளிகள் நிறைந்த இன்னொரு நீண்ட முகவரியும் இருப்பது தெரிந்தது. ரூட்டரில் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) பகுதி தனியாக இருப்பதால், அப்பகுதி இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரியையே வழங்கிக்கொண்டிருந்தது. கணினியில் ஐபிவி6 முடக்கப்பட்டிருந்ததால்தான் அங்கே தடை நின்றது. ரூட்டரின் ஐபிவி6 பகுதியில் அதே தடுப்புச் சேவையின் ஐபிவி6 முகவரியான 2606:4700:4700::1113 என்பதைப் பதிந்து, கைப்பேசியை மீண்டும் வைஃபையில் இணைத்தவுடன் தளங்கள் தடைபட்டன, பெரும் நிம்மதி. இந்தத் தடை மொபைல் டேட்டாவுக்குப் பொருந்தாது என்பதால், பிள்ளைகளின் கைப்பேசியில் சிம் போடாமல் வைக்குமாறு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.