ஐபி போன் கோளாறா? முதலில் ஃபால்ஸ் சீலிங்கைத் திறங்கள்

அலுவலகத்துக்கு ஐபி போன் (கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்) போட முடிவானதும் எல்லோரும் போனைப் பற்றித்தான் கேட்பார்கள். கலர் திரையா, புளூடூத் உண்டா, எத்தனை லைன் பட்டன் என்று. கேபிளைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். "பழைய இன்டர்காம் ஒயர் இருக்கே சார், அதுலயே போட்டுடலாமே?" என்பார்கள். முடியாது. இன்டர்காமுக்கு ஒரு ஜோடி ஒயர் போதும். இதற்குக் கம்ப்யூட்டருக்குப் போவது போன்ற எட்டு ஒயர் கேபிள் வேண்டும். கேட் 5இ தரக் கேபிள் இருந்தால் ஓடும். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 இழுத்துவிடுங்கள். சுவிட்சிலிருந்து (எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) போன் வரை மொத்தம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, முனையில் மாட்டும் குட்டிக் கேபிளான பேட்ச் கார்டையும் சேர்த்து.

சரி, கேபிள் வாங்கப் போனால் 305 மீட்டர் பெட்டி ஒன்று சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும். தூக்கிப் பாருங்கள், எடையும் குறைவாக இருக்கும். ஒயர் முனையைக் கத்தியால் சுரண்டினால் செம்புக்கு அடியில் வெள்ளை தெரியும். அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு, அவ்வளவுதான். டெஸ்க் போனுக்கு மின்சாரமே இந்தக் கேபிள் வழியாகத்தான் வருகிறது. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு, போதாக்குறைக்கு, வளைத்தால் சட்டென்று ஒடியும். ஓர் அலுவலகத்தில் கடைசி அறை போன் மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. இரண்டு போன் மாற்றியும் தீரவில்லை. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்தால், நீளம் போதாமல் இரண்டு துண்டுக் கேபிளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் ஒயர் கையோடு வந்துவிட்டது.

அடுத்தது சுவிட்சின் மின் கணக்கு. பெட்டியில் '24 போர்ட் பிஓஇ' (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை) என்று போட்டிருப்பதால் 24 போனுக்கும் முழு மின்சாரம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஒரு போர்ட்டுக்கு அதிகபட்சம் 15.4 வாட். சுவிட்சின் மொத்தத் திறன் 190 வாட் என்றால் 12 போர்ட்டிலேயே கணக்கு முடிந்துவிடும். சாதாரண போன்கள் இதில் பாதிகூட எடுக்காது. ஆனால் பெரிய கலர் திரை, வீடியோ கேமரா, பக்கவாட்டுப் பட்டன் பலகை என்று சேர்த்தால் நிலைமை மாறும். போனின் டேட்டாஷீட்டில் பிஓஇ 'கிளாஸ்' (எத்தனை வாட் வரை எடுக்கும் என்ற வகை) என்ன என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் தவறு கிரிம்பிங்கில், அதாவது கேபிள் முனையில் பிளக் அடிப்பதில், நடப்பது. சிலர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கி, இரண்டு முனையிலும் அப்படியே அடித்துவிடுவார்கள். மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். "பாருங்க சார், ஓகே!" ஆனால் 3-வது, 6-வது பின்களுக்கு ஒரே ஜோடியின் ஒயர்கள் போக வேண்டும். இதில் வேறு வேறு ஜோடியின் ஒயர்கள் போயிருக்கும். இரைச்சலை அடக்கத்தான் ஒயரை முறுக்கியிருக்கிறார்கள். ஜோடி பிரிந்தால் அந்த முறுக்கு வீண். அப்புறம் குரல் விட்டு விட்டுக் கேட்கும், பழி இன்டர்நெட் மேல் விழும். இரண்டு முனையிலும் டி568பி என்ற நிற வரிசை, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல். இதே இரைச்சலுக்காகத்தான் 230 வோல்ட் ஒயர் ஓடும் கேசிங்கிலேயே டேட்டா கேபிளைத் திணிக்க வேண்டாம் என்பதும்.

போனின் பின்னால் இரண்டு போர்ட் இருக்கும்: ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. மலிவு மாடல்களில் அந்த வழி 100 எம்பிபிஎஸ்தான்; ஜிகாபிட் கம்ப்யூட்டரை அதில் மாட்டினால் பெரிய ஃபைல் நகராது. மேசையை இடம் மாற்றும்போது யாராவது இரண்டு போர்ட்டையும் சுவரிலேயே செருகிவிடுவதும் உண்டு. சுவிட்சில் லூப் தடுப்பு இல்லையென்றால் டேட்டா அதே வட்டத்தில் சுற்றிச் சுற்றி முழு அலுவலகமும் படுத்துவிடும்.

இன்டர்நெட் பிளானைப் பெரிதாக்குவதும் பெரும்பாலும் வீண் செலவு. ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்குப் போக 90, வர 90 கேபிபிஎஸ் அளவுதான் ஆகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு திசையில் 1 எம்பிபிஎஸ்ஸைத் தொடாது. குரலுக்குத் தனி விலான் (அதே கேபிளில் பிரித்த தனி நெட்வொர்க்) போட்டு முன்னுரிமை கொடுங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி (அழைப்புத் தகவலை இடையில் திருத்தும் வசதி) இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதை யுபிஎஸ் மாட்டிய அன்றே மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள். நான் போன ஓரிடத்தில் சுவிட்சும் ரவுட்டரும் யுபிஎஸ்ஸில் பத்திரமாக ஓடின. போன்களின் திரையும் எரிந்தது. அழைப்பு மட்டும் போகவில்லை. இன்டர்நெட் வரும் ஃபைபர் பெட்டி ரிசப்ஷன் மேசைக்கு அடியில், செல்போன் சார்ஜருக்குப் பக்கத்தில், யுபிஎஸ் இல்லாத பிளக்கில் செருகியிருந்தது.