உக்கின பலகையை மூடாதீர்கள்: ஒன்ராறியோவில் முதல் வீடு எடுத்தவர்களுக்கு

ஊரில் மரத்துக்கு எதிரி கறையான். வளையோ கதவு நிலையோ, வைரம் பாய்ந்த மரமா என்று பார்த்துத்தான் போடுவோம். அதற்குப் பிறகு சுவரோரம் புற்று ஏறுகிறதா என்று கவனித்தால் போதும். ஸ்காபரோவிலோ ஏஜாக்ஸிலோ வீடு எடுத்தவருக்கு அந்தக் கண் மட்டும் போதாது. ரொறன்ரோவிலும் கறையான் உண்டுதான். ஆனாலும் இங்கே வீட்டின் வெளிப்பலகையைத் தின்பது பெரும்பாலும் உக்கல்.

நாங்கள் வீடு வாங்கிய முதல் வசந்தத்தில், கராஜ் கதவு நிலையின் அடியில் பெயின்ற் கொப்புளித்திருந்தது. அழுத்தினேன், பெருவிரல் உள்ளே போய்விட்டது. கடையில் மர மக்கு ஒரு டப்பா வாங்கி, ஓட்டையை அடைத்து, மேலே வெள்ளை அடித்தேன். அடுத்த சித்திரையில் அந்த மக்கு ஒரே கட்டியாகக் கழன்று விழுந்தது. பின்னால் உக்கல் ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. புதிதாக வீடு எடுக்கும் எங்கள் ஆட்களில் பலர் இதையே செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், வீடு யாருடையது?

வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் இது உங்கள் வேலை இல்லை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீட்டைத் திருத்தி நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறது. "பலகை உக்கியிருந்ததைப் பார்த்துத்தானே வந்தனீங்கள்" என்று அவர் சொன்னாலும் அந்தப் பொறுப்பு மாறாது. படம் எடுத்து, திகதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தெரிந்த தமிழ் ஆள்தானே, வாயால் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. அசைய மாட்டேன் என்றால், ரொறன்ரோ நகருக்குள் நகரசபையின் 311 தொலைபேசி எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். வீட்டுக்காரர் - வாடகைக்காரர் வாரியத்தில் திருத்த வேலைக்கான ரீ-6 (T6) படிவம் போடும் வழியும் உண்டு.

கொண்டோ ரவுன்ஹவுஸில் வெளிப்புறம் பெரும்பாலும் கூட்டு நிர்வாகத்தின் பொறுப்பு, கேட்காமல் கை வைக்க வேண்டாம். மார்க்கம் நகரில் யூனியன்வில் போன்ற மரபுப் பாதுகாப்பு வட்டாரத்தில் வீடு என்றால், வெளிப்பலகையை வேறு பொருளுக்கு மாற்றுவதற்கு முன் நகரசபையிடம் கேளுங்கள்.

கல்வீடு என்று நம்பாதீர்கள்

ஊரில் கல்வீடு என்றால் கல்லே சுவர். இங்கே புறநகரில் கடந்த நாற்பது ஐம்பது வருடங்களில் எழும்பிய வீடுகளில் செங்கல் ஒரு போர்வைதான். அதற்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்குக் காற்றிடைவெளி, அதற்கும் பின்னால் மரச்சட்டச் சுவர். வீட்டைத் தாங்குவது அந்த மரம். செங்கல்லைத் தாண்டி உள்ளே போகும் மழை நீர் அந்த இடைவெளியில் வழிந்து, அடி வரிசையில் சாந்து வைக்காமல் விட்ட சிறு துவாரங்களால் வெளியே வரும். பூச்சி வருகிறது என்று அந்தத் துவாரங்களை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தண்ணீருக்குப் போக இடமில்லை, சுவருக்குள்ளேயே நிற்கும். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

செங்கல்லும் யன்னலும், செங்கல்லும் கதவும் சந்திக்கும் இடங்களை மூடுகிற பலகையைத்தான் ட்றிம் என்கிறார்கள். கூரை விளிம்பில் பீலியைத் தாங்கி நிற்கும் பலகை ஃபேசியா. இரண்டுமே அலங்காரத்துக்கு வைத்தவைபோல் தெரியும். உண்மையில் மழை உள்ளே போகாமல் காவல் நிற்பவை அவைதான். காவல் உக்கினால் அடுத்தது உள்ளே இருக்கும் சட்டம்.

உக்கல் ஒரு பூஞ்சணம். மரத்தின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. அதனால், பலகை உக்கியிருப்பதைக் கண்டால் கேட்க வேண்டிய முதற்கேள்வி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. அதைக் கண்டுபிடிக்காமல் போடும் புதுப் பலகையும் சில வருடங்களில் அதே கதிக்குத்தான் வரும்.

நல்ல மழை பெய்யும் நாளில் குடையோடு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். வெயில் நாளில் ஒரு மணித்தியாலம் தேடியும் தெரியாதது மழையில் ஐந்து நிமிடத்தில் தெரியும். பீலி நிரம்பி முன்னால் வழிகிறதா, பின்னால் ஃபேசியாவில் வழிகிறதா? இங்கே இலையுதிர் காலத்தில் மட்டும் பீலி அடைபடுவதில்லை. வசந்தம் முடியும்போது மேப்பிள் மரங்கள் இறகுபோன்ற விதைகளைக் கொட்டும், அவையும் அடைக்கும். யன்னலுக்கு மேலே தண்ணீரை முன்தள்ளி விடும் மடித்த தகடு இருக்கிறதா? யன்னலின் அடிப்பலகை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கிறதா, இல்லை தண்ணீர் தேங்கி நிற்கிறதா? கராஜ் நிலையின் கால் கொங்கிறீற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா? எங்கள் வீட்டில் இந்தக் கடைசிதான் காரணம். பலகையின் வெட்டுமுகம் ஈரக் கொங்கிறீற்றில் குந்தியிருந்தால், உறிஞ்சு குழாய் போலத் தண்ணீரை மேலே இழுக்கும். மாரியில் கராஜ் வாசலில் குவிக்கும் பனியும் உருகி அதே இடத்தில்தான் நிற்கும்.

பனிக்காலத்தில் கூரை விளிம்பில் தடித்த ஐஸ் கட்டி, பெரிய ஊசிகளாகத் தொங்கினால், வீட்டுச் சூடு மேலே கூரையறைக்குள் கசிகிறது என்று நினையுங்கள். மேலே உருகும் பனி விளிம்பில் மறுபடி உறைந்து அணை கட்டும், தேங்கிய தண்ணீர் ஃபேசியாவுக்குப் பின்னால் இறங்கும். அதற்கு மருந்து கூரையறையின் காப்புப் பஞ்சிலும் காற்றோட்டத்திலும் இருக்கிறது.

குத்திப் பாருங்கள்

கண்ணை நம்ப வேண்டாம், பெயின்ற் பலதையும் மறைக்கும். பழைய ஸ்குரூ டிறைவர் ஒன்றை எடுத்து நிலைகளின் அடி, யன்னல் அடிப்பலகையின் இரு முனை, பலகைகள் சேரும் மூட்டு ஆகிய இடங்களில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உக்கின மரம் கேக் போல வழிவிடும். பெரிய கறுத்த எறும்புகள் போய்வந்தால், பக்கத்தில் சவர்க்காரத் தூள் போல மரத்தூள் கிடந்தால், கார்பென்டர் எறும்பாக இருக்கலாம். அவை கறையான் போல மரத்தைத் தின்பதில்லை, ஈரத்தில் மெத்தென்றான மரத்தைக் குடைந்து கூடு கட்டும். அதுவும் ஈரம் இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி.

வீடு வாங்க முன்னரும் இதைச் செய்யலாம். அலுமினியத் தகடு போர்த்திய ட்றிம் என்றால் தகட்டை விரலால் அழுத்துங்கள். பின்னால் பலகை இல்லாததுபோல உள்ளே போனால், வீட்டுப் பரிசோதகரிடம் அந்த இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

பழைய பெயின்ற்றைச் சுரண்டத் தொடங்க முன் வீட்டின் வயதைப் பாருங்கள். 1960க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ற் இருப்பதற்கு நிறைய வாய்ப்பு. 1960 முதல் 1990 வரை கட்டியவற்றிலும் வெளிப்புறப் பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். அப்படியானதைத் தேய்த்துத் தூளாக்குவதும் சூடுகாட்டி உரிப்பதும் குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து, கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஈயம் இருந்தால் தெரிந்த தொழிலாளரிடம் விடுங்கள். இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

திருத்துவதா, மாற்றுவதா

என் கணக்கு இது: உக்கல் உள்ளங்கை அளவுக்குள் என்றால் எப்பொக்சி (கல்போல இறுகும் பிசின்), அதற்கு மேல் என்றால் வெட்டி மாற்று. பலகையைக் கழற்றும்போது பின்னால் இருக்கும் சட்டமும் மெத்தென்றிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அது அனுபவமுள்ளவர் பார்க்க வேண்டிய வேலை.

எப்பொக்சி வேலையில் அவசரம் கூடாது. மெத்தென்ற மரம் முழுவதையும் உளியால் தோண்டி எடுங்கள், கெட்டி மரம் வரும்வரை. மனம் இரங்கிக் கொஞ்சம் விட்டீர்கள் என்றால் அங்கிருந்துதான் மறுபடி தொடங்கும். பிறகு காய விடுங்கள். மழை படாமல் மேலே பொலித்தீன் கட்டி, காற்றுப் போக அடியைத் திறந்து, சில நாட்கள். ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கினால் ஊகிக்கத் தேவையில்லை, 15 வீதத்துக்குக் கீழே வந்தால் வேலையைத் தொடங்கலாம். முதலில் மரத்தை இறுக்கும் திரவத்தைத் தூரிகையால் ஊற ஊறப் பூசி, அது காய்ந்த பின் இரண்டு பாகங்களைக் கலக்கும் எப்பொக்சி மக்கை வைத்து வடிவம் பிடியுங்கள். அது இறுகியதும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒன்று, பெயின்ற் இரண்டு பூச்சு. வெயில் எப்பொக்சியைக் கெடுக்கும், அதனால் பெயின்ற் இல்லாமல் விடக் கூடாது. பெரும்பாலான எப்பொக்சிக்கு 10 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். வைகாசி நடுவிலிருந்து புரட்டாதி வரைதான் இங்கே இதற்குக் காலம்.

பலகையை மாற்றுவது என்றால், கடையில் 1×4 என்று கேட்டு வாங்கி வந்து அளந்து ஏமாற வேண்டாம். உண்மை அளவு முக்கால் அங்குலம் × மூன்றரை அங்குலம், இங்கே எல்லாக் கடையிலும் அப்படித்தான். பழைய துண்டை வெட்டிக் கையோடு கொண்டு போவது நல்லது. பிரைமர் பூசி விற்கும், சிறு துண்டுகளை ஒட்டிய பைன் பலகைதான் மலிவு. ஆனால் அதில் வைரம் குறைவு, வெளியே அது விரைவில் உக்கும். சீடர் (cedar) மரத்தின் வைரப் பகுதி எங்கள் தேக்குப் போலத் தானாகவே உக்கலை எதிர்க்கும். நிலத்துக்குக் கிட்ட வரும் இடங்களுக்கு நான் பிவிசி என்ற பிளாஸ்ரிக் பலகைதான் சொல்வேன். அது தண்ணீரைக் குடிக்காது. ஆனால் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், நீளமான துண்டுகளில் மூட்டுக்களைக் கவனிக்க வேண்டும்.

நிலையின் கால் மட்டும் உக்கியிருந்தால் முழுதையும் கழற்றத் தேவையில்லை. உக்கலுக்கு மேல் அரை அடி நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டு வெளிப்பக்கம் கீழே சரிந்திருக்கட்டும், மூட்டில் விழும் தண்ணீர் வெளியே போகும். புதுத் துண்டு மரம் என்றால், பொருத்துவதற்கு முன் பின்புறத்துக்கும் இரண்டு வெட்டுமுகங்களுக்கும் பிரைமர் பூசுங்கள். தெரியாத பக்கம்தானே என்று விட்டால் அந்தப் பக்கத்தால்தான் தண்ணீர் ஏறும். கால் கொங்கிறீற்றைத் தொடாமல் கால் அங்குலமாவது இடைவெளி விடுங்கள். துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூ பாவியுங்கள். பக்கங்களில் பெயின்ற் பிடிக்கும் கோக்கிங் (இடுக்கை அடைக்கும் பசை) போடுங்கள், வெறும் சிலிக்கோனில் பெயின்ற் நிற்காது. யன்னலுக்கு மேலே உள்ள தகட்டின் கீழ் விளிம்பை அடைக்காதீர்கள், தண்ணீர் வெளியேறும் வாசல் அது.

ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் சாய்த்து வையுங்கள், மின்கம்பியிலிருந்து 3 மீற்றராவது தள்ளி நில்லுங்கள். இரண்டாம் மாடி ஃபேசியாவுக்கு நீங்கள் ஏற வேண்டாம்.

ஆள் பிடிக்கும்போது

எங்கள் வீட்டுக்கு விலை சொல்ல வந்த ஒருவர், "அலுமினியத்தால மூடி விட்டால் இருபது வருசத்துக்குப் பார்க்கத் தேவையில்லை அண்ணை" என்றார். உக்கினதைக் கழற்றாமலா என்று கேட்டேன். கழற்றினால் செலவு கூடும் என்றார். நல்ல காய்ந்த பலகைக்கு மேலே தகடு போடுவதில் தவறில்லை. உக்கின பலகைக்கு மேலே போட்டால் அது காய வழியே இல்லை, உங்கள் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே "உக்கின மரம் முழுவதும் அகற்றப்படும், மூடுவதற்கு முன் படம் எடுத்துத் தரப்படும்" என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரை அனுப்பிவிடுங்கள்.

காசாகக் கொடுத்தால் 13 வீத எச்எஸ்ரி (விற்பனை வரி) இல்லை என்பார்கள். பற்றுச்சீட்டு இல்லாத வேலையில் பிழை வந்தால் நீங்கள் காட்ட ஒரு தாளும் இருக்காது. 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டிருந்தால், எழுத்துப் பிரதி கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். மதிப்பீடு எழுதித் தந்திருந்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் அதைவிட 10 வீதத்துக்கு மேல் வாங்க முடியாது.

வேலை முடிந்ததும் முதல் மழைக்கு மறுபடி குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். கார்த்திகையில் இலை முழுவதும் கொட்டிய பின் பீலியைத் துப்புரவாக்குங்கள், இறங்கு குழாயின் வாய் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி நிற்கட்டும். பனி விழத் தொடங்கியதும், கராஜ் நிலைக்கால் பக்கமாகத் தள்ளிக் குவிக்காமல் புல்வெளிப் பக்கம் அள்ளிப் போடச் சொல்லிப் பிள்ளைகளிடமும் காட்டிக் கொடுங்கள்.