இருட்டில் சைக்கிள்: டர்பன்காரர்களுக்கு

டர்பனில் ஜூன் மாதம் மாலை 5 மணி தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து சாட்ஸ்வர்த் பக்கம் சைக்கிளில் திரும்புவோர் பளிச்சென்ற மஞ்சள் சட்டையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த நிறம் பகலுக்குத்தான். இருட்டில் ரிஃப்ளெக்டர் பட்டைதான் தெரியும். அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மிதிக்கும்போது ஏறி இறங்குவதால், முன்னே போவது சைக்கிள் என்று கார்காரருக்குச் சட்டென்று புரியும். பின்புறச் சிவப்பு விளக்கைச் சீட்டுக்குக் கீழே, முதுகுப்பையோ சட்டை நுனியோ மறைக்காதபடி நேராகப் பொருத்துங்கள். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

என்2 நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, உள்தெருக்களே வழி. நின்றிருக்கும் மினிபஸ் டாக்சியின் இடப்பக்கம் மட்டும் நுழையாதீர்கள். கதவு அந்தப் பக்கம்தான்; இறங்குகிறவர் சைக்கிளை எதிர்பார்ப்பதில்லை. பின்னால் நில்லுங்கள். பொறுமை இல்லையென்றால், திரும்பிப் பார்த்து, கைகாட்டி, வலப்பக்கம் 1 மீட்டர் விட்டுக் கடக்கலாம்.