உளுந்து அரைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இட்லி கல்லாகிப் போனால் முதலில் அரிசியைத் திட்டுவோம், அப்புறம் குளிரைத் திட்டுவோம். பல நேரம் கோளாறு உளுந்தில்தான் இருக்கும்.

உளுந்தின் பலம் இரண்டு பொருள்களில் இருக்கிறது. ஒன்று, குளோபுலின் என்ற புரதம். மற்றொன்று, அராபினோகேலக்டன் என்ற பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். அரைக்கும்போது விரலில் வழவழவென்று இழுக்கிறதே, அந்தப் பசை. புரதம் காற்றுக் குமிழியைச் சுற்றித் தோல் போலப் படியும். பசை அந்த நுரையைத் தாங்கி, ஆவியின் சூட்டில் உடையாமல் காக்கும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இதில் ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்டப் பார்ப்பதுதான் பெரிய தவறு. உளுந்தைக் குறைத்துவிட்டு வெந்தயத்தை அள்ளிப் போடுகிறார்கள். வெந்தயத்தில் உள்ள கேலக்டோமன்னன் என்ற பசை மாவைக் கொழகொழப்பாக்கும், உண்மைதான். ஆனால் குமிழிக்குத் தோல் போர்த்தப் புரதம் வேண்டுமே! அதேபோல, துவரையிலும் கடலையிலும் புரதத்துக்குப் பஞ்சமில்லை. உளுந்தின் பசைதான் இல்லை. அடை மாவு இட்லி மாவு போலப் பொங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது தண்ணீர். எடுத்தவுடன் நிறைய ஊற்றினால் பசை நீர்த்து, காற்று நிற்காமல் ஓடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். ஒரு துளி மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பஞ்சாக மிதந்தால் காற்று ஏறிவிட்டது. மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும்.

மிக்சி சூட்டில் புரதம் கெட்டுவிடும் என்பார்கள். எனக்கு அது மிகையாகவே படுகிறது. கை பொறுக்கிற சூட்டில் இந்தப் புரதம் குலையாது. ஆனால் சூடேறினால் பசை இளகும், காற்று தங்காது. ஐஸ் தண்ணீர் விடுவது அதற்குத்தான்.

உப்பைப் பொங்கிய பிறகு போட்டுக் கலக்காதீர்கள். கரண்டி குமிழிகளை உடைத்துவிடும். முதலிலேயே போடலாம். குளோபுலின் வெறும் தண்ணீரைவிட லேசான உப்புத் தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். உப்பு நொதித்தலைத் தாமதப்படுத்துவதால், குளிர்ப் பிரதேசத்தில் மட்டும் பின்னால் சேர்ப்பதில் நியாயம் உண்டு.

கடைசியாக, பொங்கிய மாவை வெளியிலேயே விட்டுவைப்பது. புளிப்பு ஏற ஏறக் குறையும் பிஎச் என்ற அமிலநிலை அளவு 4.5ஐ ஒட்டி இறங்கும்போது புரதத்தின் மின்சுமை ஏறக்குறைய இல்லாமல் போகும். ஒன்றையொன்று விலக்காமல் புரதங்கள் திரளத் தொடங்கும். மாவு அமுங்கி மேலே தண்ணீர் தெளியும். சோடா உப்பு போட்டால் வாயு வரும், புளிப்பும் குறையும். திரண்ட புரதம் பழையபடி ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம். அந்த மாவில் வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் வார்த்துவிடுங்கள்.