இரண்டு பேருக்கு ஒரே பெட்டி: காசிக்குத் துணி அடுக்குவது எப்படி?

காசிக்குப் போகும் தம்பதிகள் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை, அந்தச் சந்துகளுக்காகச் சொல்கிறேன். கோதோலியா பக்கம் வண்டி நின்றுவிடும். அப்புறம் படித்துறை ஓரத்து விடுதிக்கு நடைதான். கல் பாவிய சந்து, எதிரே மாடு, பின்னால் பைக் ஹார்ன். ஆளுக்கொரு பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் மாட்டுக்கு வழிவிடக்கூட முடியாது. ஒரே பெட்டி என்றால் ஒருவர் இழுக்கலாம், இன்னொருவர் போனில் வழி பார்த்துக்கொண்டு முன்னால் போகலாம். அனுமான் காட் பக்கம் தமிழ் மடங்களில் தங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்.

பெட்டி 24 அங்குலம் போதும். 28 அங்குலத்தைப் பார்த்தால் ஆசை வரும். இடம் இருந்தால் நிரப்பாமல் விடமாட்டோம், அப்புறம் தூக்க முடியாது. ரயில்வே மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசமாக அனுமதிக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் நமக்கு வேண்டாம். ரெண்டு பேரில் யாருக்குத் தெம்பு குறைவோ, அவர் நிறைத்த பெட்டியைத் தனியாக ரெண்டு படி தூக்கி வைத்துப் பார்க்கட்டும். முடியவில்லையா, துணியைக் குறையுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான் இல்லை, முழங்கால் வலிக்காரர் அவர்தான்.

புத்தகம் மாதிரி இரண்டாகப் பிளந்து திறக்கும் பெட்டியைவிட, மேல்மூடி மட்டும் திறக்கும் துணிப்பெட்டி நல்லது. விடுதி அறையில் கட்டில் போக மிச்சமிருக்கும் இடத்தில் பிளக்கிற பெட்டியை விரித்தால், ஒருவர் குளியலறைக்குப் போக இன்னொருவர் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கும்.

இனி அடுக்குவது. "இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி உனக்கு" என்று பிரிக்கிறார்களே, அது ஒரு நாளைக்குத்தான் தாங்கும். மறுநாள் காலை நாலரை மணிக்கு இருட்டில் பனியனைத் தேடி அவர் கையை விட்டார் என்றால், அடியில் இருக்கும் ரவிக்கை மேலே வந்துவிடும். ஆள் கணக்கில் பிரிக்காதீர்கள், நாள் கணக்கில் பிரியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பை. அவர் வேட்டி, சட்டை, பனியன், உள்ளாடை. என் புடவை, ரவிக்கை, உள்பாவாடை, மற்றதெல்லாம். ரெண்டு பேருடையதும் ஒரே பைக்குள். இதற்கென்று பை வாங்க வேண்டாம், வீட்டில் சேர்ந்து கிடக்கும் ஜவுளிக்கடைத் துணிப்பைகளே போதும். மஞ்சப்பை முதல் நாளுக்கு, பச்சைப்பை இரண்டாம் நாளுக்கு என்று வைத்துக்கொண்டால் எழுதி ஒட்டவும் தேவையில்லை. காலையில் ஒரு பையை வெளியே எடுத்தால் போதும், பெட்டியை யாரும் கிளற மாட்டார்கள். ராத்திரி அழுக்குத்துணி அதே பைக்குள் போய்விடும்.

பிரயாகை, காசி, கயா என்று போகிறவர்கள் கயா பையை அடியில் வையுங்கள், பிரயாகைப் பை மேலே இருக்கட்டும். கயாவில் சிராத்தம் செய்வதாக இருந்தால் வேட்டியும் மேல்துண்டும் அந்தப் பையிலேயே இருக்க வேண்டும்.

அடுக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். கையில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் அடுக்கினால் பயணம் முழுக்க "ஏம்மா, என் துண்டு எங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தீராது.

பொம்பளைக்குத்தான் பெட்டியில் இடம் அதிகம் வேண்டும் என்பார்கள். தராசில் வைத்துப் பாருங்கள். சாதாரண காட்டன் புடவை அரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், மடித்தால் தட்டையாகக் கிடக்கும். ஒரு ஜீன்ஸ் அதைவிடக் கனம், நனைந்தால் ஒரு நாளில் காயாது. ஷூ இன்னொரு ஜோடி வேறு. காசியில் பிடித்தது எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள் இல்லையா, ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கங்கையில் குளித்த ஈரத்துணிதான் பெரிய தலைவலி. குளிக்கிறதுக்கென்றே பழைய சின்தெடிக் புடவை ஒன்று, நாலு முழ வேட்டி ஒன்று. எத்தனை நாள் குளித்தாலும் அவையேதான். டர்க்கி டவல் வேண்டாம், ஈரிழைத் துண்டு ஆளுக்கு ஒன்று போதும். பிழிந்து கொடியில் போட்டால் டவலுக்கு முன்னால் காய்ந்துவிடும். கொடிக்கு நைலான் கயிறும் நாலு கிளிப்பும் பெட்டி ஓரத்தில் செருகிக்கொள்ளுங்கள். படித்துறையிலிருந்து அறைக்கு ஈரத்தைக் கொண்டுவர, அரிசி வந்த பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதைவிடக் கெட்டியான பை கிடையாது. ஈரம் காயாமல் எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது, இது மட்டும் கண்டிப்பு.

சோப்பு, பேஸ்ட், சீப்பு எல்லாம் ஒரே செட். தேங்காய் எண்ணெய் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஜனவரியில் காசியின் காலைக் குளிரில் குறுகின வாய் பாட்டிலைக் கவிழ்த்து எத்தனை தட்டினாலும் ஒரு சொட்டு வராது. அகலவாய் டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள், விரலால் வழித்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் போகக்கூடாதவையும் உண்டு. மாத்திரை, கண்ணாடி, ஆதார், பணம், சார்ஜர், ஸ்வெட்டர், ரெண்டு பேருக்கும் ஒரு மாற்று உடுப்பு: இவை தோள்பையில். பெட்டி ஒன்றே ஒன்று என்பதால் அது தொலைந்தாலும் தாமதமானாலும் ரெண்டு பேருமே கட்டின துணியோடு நிற்போம். கங்கா காவேரி ரயிலில் ரெண்டு ராத்திரி போவதற்கும் இந்தத் தோள்பையே போதும். ரயில் ஏறினதும் பெட்டியைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுங்கள், இறங்கும்வரை திறக்க வேண்டாம். பூட்டின் நம்பர் ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டும். நாங்கள் கல்யாணத் தேதியை வைத்திருக்கிறோம், அந்த விதத்திலாவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று.

திரும்பும்போது விமானம் என்றால் கணக்கு மாறும். உள்நாட்டில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. ஒரே பெட்டியில் 20 கிலோ போனால் ஏற்பார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிக்கெட்டைப் படித்துவிடுங்கள். அதற்காகத்தான் பெட்டி அடியில் மடித்த ஜிப் பை ஒன்று போடச் சொல்வேன். கவுண்டரில் கூட்டத்தின் நடுவே பெட்டியைத் திறந்து உள்பாவாடையை எடுத்து மாற்றிக்கொண்டிருப்பதற்குப் பதில், அறையிலேயே அழுக்குத்துணிப் பைகளை அதற்கு மாற்றிவிடலாம். பனாரஸ் பட்டும் அன்னபூரணி சிலையும் பெட்டியில். கங்கைத் தண்ணீர் அடைத்த சொம்புகளை முதல்நாள் ராத்திரியே செய்தித்தாள்மேல் கவிழ்த்து வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் ஈயம் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். நனையாததை மட்டும் துண்டில் சுற்றி, பெட்டியின் நடுவில், பட்டுக்கு எட்டாமல் வையுங்கள். பவர் பேங்க் மட்டும் கண்டிப்பாகக் கைப்பையில்; செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள்.