ரோமக் கோட்டை மாடலா? மதிலைத் தொடாதீர்கள், அகழியில் ஆரம்பியுங்கள்

எல்லோரும் முதலில் மதிலைத்தான் செய்வார்கள், நானும் அப்படித்தான். தட்டையான பலகையில் மதிலை ஒட்டி, கல் கல்லாகக் கீறி முடித்த பிறகுதான் அகழி ஞாபகம் வந்தது. பலகையைத் தோண்டவா முடியும்? நீல பெயின்ட் அடித்துத் தண்ணீர் என்று ஒப்பேற்றினேன். அது இன்னொரு தவறு, ஏனென்றால் ரோமர்களின் அகழி பெரும்பாலும் தண்ணீர் இல்லாத வெறும் பள்ளம், ‘வி’ எழுத்து மாதிரி அடியில் குறுகிப் போகும்.

பிரிட்டனில் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரையே எடுத்துக்கொள்வோம். அதன் வடக்குப் பக்க அகழி ஏறக்குறைய 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72 செ.மீ. இருப்பதை 1 செ.மீ. ஆகச் சுருக்கிச் செய்தால் 11 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம், ஆகவே அடித்தட்டே 5 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். அகழியைச் சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள், நடுவில் 8 செ.மீ. சமதளம் விடுங்கள்.

அதே 1/72இல், அந்தச் சுவரை ஒட்டியுள்ள ஹவுஸ்டெட்ஸ் கோட்டை முழுவதையும் செய்ய ஆசைப்பட்டால் நீளம் மட்டும் இரண்டரை மீட்டர் தாண்டும். வீட்டில் கட்டில் போட இடம் வேண்டாமா? ஒரு வாசலும் பக்கத்தில் கொஞ்சம் மதிலும் போதும்.

அப்புறம், நம் மனதில் இருப்பது சினிமாவில் பார்த்த இடைக்காலக் கோட்டை, அதனால் கை தானாகவே மூலைக்கு மூலை வெளியே துருத்தும் வட்டக் கோபுரம் வைத்துவிடும். ஹேட்ரியன் காலத்துக் கோட்டைக்கு மூலைகள் சீட்டுக்கட்டு அட்டை மாதிரி வளைந்திருக்கும், கோபுரம் மதிலுக்கு உள்பக்கம் நிற்கும். வெளியே துருத்தும் கோபுரங்கள் பிற்கால ரோமக் கோட்டைகளில்தான், இங்கிலாந்தின் போர்ட்செஸ்டரில் பார்க்கலாம்.

மதில் உச்சியில் இடைவெளி விட்டுப் பல் பல்லாக நிற்கும் தடுப்பு வரிசையையும் நெருக்கி வைக்காதீர்கள். ஜெர்மனியில் 1897 முதல் 1907 வரை மீண்டும் கட்டிய சால்பர்க் ரோமக் கோட்டையிலேயே இந்தத் தவறு நடந்திருக்கிறது, அதைப் பார்த்து மாடல் செய்கிறவர்கள் இன்னும் அதே தவறைச் செய்கிறார்கள். வெறும் சாம்பல் நிறக் கல்தான் என்றும் நினைக்க வேண்டாம், அந்தப் பக்கத்துக் கோட்டைகள் சிலவற்றில் வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் சிவப்புக் கோடு இழுத்துப் பெரிய கற்கள் போலக் காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக பெயின்ட். தெர்மோகோலில் செய்த மாடல் மேல் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழி விழும். முதலில் மரப்பசையைத் தண்ணீரில் கலந்து இரண்டு கோட் பூசி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, பிறகு அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் அடியுங்கள்.